அயர்லாந்து: ஹெரிட்டேஜ் கார்டா, இலவச அருங்காட்சியகமா, தேசியப் பூங்காவா?

அயர்லாந்தில் உள்ள பழைய கோட்டை, மடம், சிறை, கல்லறை மேடு ஆகியவற்றில் முக்கியமானவை பெரும்பாலும் அரசின் பொதுப்பணி அலுவலகத்திடம் இருக்கின்றன. அங்கே நுழைவுக் கட்டணம் உண்டு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓராண்டு செல்லும் ஹெரிட்டேஜ் கார்டும் உண்டு. தேசிய அருங்காட்சியகங்களுக்குக் கட்டணமே கிடையாது. தேசியப் பூங்காக்களும் இலவசம். பலவற்றுக்கு நுழைவாயில்கூட இல்லை. மிச்சமிருப்பவை தனியாரும் உள்ளாட்சியும் பல்கலைக்கழகமும் நடத்துபவை: பிளார்னி கோட்டை, மோஹர் செங்குத்துப் பாறைகள், புக் ஆஃப் கெல்ஸ் என்ற பழைய சுவடி. விலை கூடுதல், கார்டு செல்லாது, விளம்பரம் மட்டும் இவற்றுக்குத்தான் அதிகம்.

திட்டம் போடும்போது எல்லோரும் முதலில் கேட்பது ‘கார்டு வாங்கினால் லாபமா?’ என்றுதான். அது பத்து நிமிடக் கணக்கு, கீழே இருக்கிறது. ஆனால் அயர்லாந்துப் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் காசு இல்லை, நுழைவுச் சீட்டு தீர்ந்துபோவதுதான். கில்மெய்னம் சிறை, நியூகிரேஞ்ச், ஸ்கெலிக் மைக்கேல் தீவு மூன்றுக்கும் தினசரி வரம்பு உண்டு. இவற்றில் எது வேண்டும் என்று தீர்மானித்து அதற்கான நாளைப் பிடித்துவிட்டு, மற்றவற்றை அதைச் சுற்றி அடுக்க வேண்டும். விமானச் சீட்டு, விடுதி, கார், கடைசியில் நியூகிரேஞ்ச் என்று போகிறவர்கள்தான் வாசல்வரை போய்த் திரும்புகிறார்கள்.

கார்டுக் கணக்கு

பெரியவர்களுக்கு 40 யூரோ, 60 வயது கடந்தவர்களுக்கு 30, மாணவர்களுக்கு 10, குடும்பத்துக்கு 90. இங்கே சொல்லும் கட்டணங்கள் அண்மை ஆண்டுகளில் இருந்தவை. பதிவு செய்யும்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

டப்ளினில் தங்கி மூன்று நான்கு நாள் சுற்றுபவர் கில்மெய்னம் சிறைக்கு 8, டப்ளின் கோட்டையை வழிகாட்டி இல்லாமல் பார்க்க 8, நியூகிரேஞ்ச் உள்ளறை வரை போக 18 என்று 34 யூரோ செலவழிப்பார். க்ளென்டலாக் பார்வையாளர் மையத்துக்கு 5 சேர்த்தால் 39. கார்டைவிட ஒரு யூரோ குறைவு. ஆக டப்ளினோடு நிற்பவருக்குக் கார்டு தேவையில்லை.

தெற்கே இறங்கினால் கதை மாறுகிறது. கில்கென்னி கோட்டை 8, கேஷல் பாறை 8, காஹர் கோட்டை 5, கின்சேல் அருகே சார்ல்ஸ் கோட்டை 5, கில்லார்னியில் ராஸ் கோட்டை 5, இதோடு டப்ளினில் இரண்டு இடம் 16: மொத்தம் 47. கார்டு வாங்கியே தீர வேண்டும். இன்னொரு நன்மையும் உண்டு. கில்கென்னியிலும் டப்ளின் கோட்டையிலும் வழிகாட்டியோடு போனால் 12 யூரோ. கார்டு உள்ளவருக்கு அதுவும் இலவசம். டப்ளின் கோட்டையில் தரைக்கடியில் இருக்கும் வைக்கிங் காலச் சுவரையும் கோட்டைத் தேவாலயத்தையும் காட்டுவது வழிகாட்டிச் சுற்றில்தான். அலங்கார அறைகளை மட்டும் பார்த்துவிட்டு வருவது பாதிக் கோட்டை.

மேற்கே போகிறவர்கள் கார்டைத் தொடவே வேண்டாம். மோஹர் பாறைகள், பரென், கனமாரா பூங்காக்கள், கால்வே நகரம் என்று ஐந்து நாள் சுற்றினாலும் கார்டு செல்லும் முக்கிய இடம் ஏரன் தீவின் டூன் ஏங்கஸ் கற்கோட்டை ஒன்றுதான் என்று ஆகிவிடும். அதற்கு 5 யூரோ.

குடும்பக் கார்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. பொதுப்பணி அலுவலகத் தளங்களில் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. குடும்பக் கார்டின் 90 யூரோ இரண்டு பெரியவர்களோடு 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கானது. எட்டு வயதும் ஐந்து வயதுமாக இரண்டு பிள்ளைகள் இருந்தால் பெற்றோர் இருவரும் தனித்தனிக் கார்டு எடுத்தாலே போதும். 80 யூரோவில் முடியும். கட்டணம் இல்லாத குழந்தைக்கும் முன்பதிவில் ஓர் இடம் எடுத்தாக வேண்டும், இதை மறந்துவிடாதீர்கள். அயர்லாந்தில் படிக்கும் மாணவர்கள் யோசிக்கவே வேண்டியதில்லை. 10 யூரோ மூன்றாவது இடத்துக்குள் திரும்பிவிடும், அதன்பின் ஓராண்டு முழுவதும் இலவசம். மாணவர் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

கார்டைத் தளத்தின் கவுண்டரிலேயே வாங்கலாம். ஆனால் கார்டு இருக்கிறது என்பதற்காக இடம் ஒதுக்கிவைத்திருக்க மாட்டார்கள். கில்மெய்னத்துக்கும் நியூகிரேஞ்சுக்கும் இணையத்தில் கார்டு வைத்திருப்போருக்கான சீட்டைத் தேர்ந்து நேரத்தைப் பிடிக்க வேண்டும், வாசலில் கார்டைக் காட்ட வேண்டும். அதனால் முதல் நாளே டப்ளின் கோட்டையில் கார்டை வாங்கிவிடுவது நல்லது. அந்தக் கோட்டையை அரசு நிகழ்ச்சிகளுக்காக மூடுவதுண்டு. 2026 ஜூலை முதல் டிசம்பர் வரை ஐரோப்பிய ஒன்றியக் கவுன்சிலின் தலைமை அயர்லாந்திடம் இருப்பதால் அந்த மாதங்களில் முன்கூட்டிப் பார்த்துக்கொண்டு போங்கள்.

மாதத்தின் முதல் புதன்கிழமை பல தளங்களில் அனுமதி இலவசம் என்பதும் உண்மைதான். கேஷல் போன்ற இடங்களுக்கு அந்த நாளை வைத்துக்கொள்ளலாம். முன்பதிவு கட்டாயமான இடங்களுக்கு அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். இன்னொன்று: ராஸ் கோட்டை, வடமேற்கின் கேய்ட் ஃபீல்ட்ஸ் போன்றவை குளிர்காலத்தில் மூடியிருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வருகிறவர் மேலே சொன்ன 47 யூரோக் கணக்கைத் தம் தேதிகளுக்கேற்ப மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.

சீட்டு தீர்ந்துபோகும் மூன்று

கில்மெய்னம் சிறை 1796இல் திறந்து 1924இல் மூடியது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியின் தலைவர்களில் 14 பேரைச் சுட்டுக் கொன்ற கல்லுடைக்கும் முற்றம் இங்கேதான் இருக்கிறது. வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே போகலாம், சுற்று சுமார் ஒரு மணி நேரம். சீட்டுகள் 28 நாளுக்கு முன் இணையத்தில் வருகின்றன, கோடையில் சீக்கிரமே தீர்ந்துவிடுகின்றன. அப்போது தவறவிட்டால் அன்றன்று காலை ஒன்பதேகால் வாக்கில் ரத்தான இடங்களை அதே பக்கத்தில் விடுவார்கள். தனியாளாகவோ இருவராகவோ இருந்தால் கிடைக்க வாய்ப்பு உண்டு. நேரே போய் வாசலில் காத்திருப்பதில் பயனில்லை.

நியூகிரேஞ்ச் சுமார் கி.மு. 3200இல் கட்டிய கல்லறை மேடு. எகிப்தின் கீஸா பிரமிடுகளுக்கும் முந்தையது. 19 மீட்டர் நீளக் குறுகிய கல்வழி உள்ளறைக்குப் போகிறது. வாசலுக்கு மேலே இருக்கும் சிறு திறப்பு வழியாக, ஆண்டின் மிகக் குறுகிய பகலை ஒட்டிய நாள்களில் உதயசூரியனின் கதிர் உள்ளறை வரை போய் விழும். 1967 டிசம்பரில் இதை நேரில் கண்டு உறுதிசெய்தவர் அங்கே அகழாய்வு நடத்திய பேராசிரியர் மைக்கேல் ஓ’கெல்லி. அந்த விடியல்களில் உள்ளே நிற்பவர்களைக் குலுக்கலில் தேர்ந்தெடுக்கிறார்கள். மற்ற நாள்களில் விளக்கை அணைத்து, மின்விளக்கால் அந்தக் கதிரைச் செய்து காட்டுவார்கள். முகப்பில் பளிச்சென்று தெரியும் வெள்ளைக் கல் சுவர் அகழாய்வுக்குப் பின் கான்கிரீட் உதவியோடு எழுப்பியது. ஐயாயிரம் ஆண்டாக அப்படியே நின்றது என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

இங்கே நடக்கும் பெரிய தவறு வழியில்தான். கைப்பேசி வரைபடத்தில் ‘நியூகிரேஞ்ச்’ என்று போட்டால் அது உங்களை பாய்ன் ஆற்றின் வடகரைக்கு, கல்லறை மேட்டுப் பக்கமே கொண்டுபோய் விடக்கூடும். அங்கே சீட்டும் கிடையாது, நுழைவும் கிடையாது. பார்வையாளர் மையம் தென்கரையில், டோனோர் ஊருக்கு அருகே. அங்கிருந்து நடைபாலம் தாண்டி, அவர்களுடைய பேருந்தில்தான் மேட்டுக்குப் போக முடியும். ‘ப்ரூ நா போய்ன் பார்வையாளர் மையம்’ என்று தேடுங்கள். நேரச் சீட்டு என்பதால் பேருந்து புறப்படுவதற்கு அரை மணி முன்பாவது அங்கே இருக்க வேண்டும். மொத்தம் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். கல்வழியில் பெரிய பையோடு போக முடியாது, உள்ளே படமெடுக்க அனுமதியில்லை. அடைந்த இடத்தில் மூச்சு முட்டுபவர்கள் வெளியே நின்று பார்ப்பதே மேல்.

அதே மையத்திலிருந்து நௌத் மேட்டுக்கும் போகலாம். அங்கே கல்வழிக்குள் விடமாட்டார்கள். ஆனால் சுற்றுக்கற்களில் உள்ள செதுக்கல்கள் நியூகிரேஞ்சில் இருப்பதைவிட மிக அதிகம், மேட்டின் மேலே ஏறி நிற்கவும் செய்யலாம். குளிர்காலத்தில் நௌத் கிடையாது. நியூகிரேஞ்ச் உள்ளறைச் சீட்டு தீர்ந்திருந்தால், கல்லில் செதுக்கியவற்றின் மேல் ஆர்வம் உள்ளவருக்கு நௌத் குறைந்த தேர்வே ஆகாது. வெறுமனே பெயருக்காகப் போகிறவருக்குத்தான் ஏமாற்றம்.

ஸ்கெலிக் மைக்கேல் கெரி மாவட்டக் கரையிலிருந்து சுமார் 12 கி.மீ. தள்ளிக் கடலில் நிற்கும் பாறைத் தீவு. உச்சியில் ஆதி கிறித்துவத் துறவிகளின் தேன்கூடு வடிவக் கல் குடில்கள். இறங்கிப் பார்க்க அனுமதி மே நடுவிலிருந்து செப்டம்பர் வரை, நாளொன்றுக்கு 180 பேர். படகுகள் தனியாருடையவை, ஒருவருக்கு 100 யூரோவைத் தாண்டும், ஹெரிட்டேஜ் கார்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கோடைக்கான இடங்கள் மாதக்கணக்கில் முன்பே முடிந்துவிடும்.

பதிவு செய்துவிட்டாலும் போய்ச் சேருவது உறுதியில்லை. வெயில் அடித்தாலும் அலையேற்றம் இருந்தால் இறங்குதுறையில் படகு அணைய முடியாது, அன்று காலையில்தான் ரத்து என்று சொல்வார்கள். அதனால் இந்தத் திட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நாளையும் காலியாக வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் முயலவே வேண்டாம். தீவில் கைப்பிடி இல்லாத 618 கற்படிகள். ஒதுங்க இடமில்லை, கழிப்பறை இல்லை. 2009இல் இரண்டு பேர் விழுந்து இறந்திருக்கிறார்கள். உயரம் பார்த்தால் தலை சுற்றுபவர்களும் சிறு குழந்தையோடு வருபவர்களும் தீவைச் சுற்றிவரும் படகைப் பிடிக்கலாம். விலை பாதி அளவில் இருக்கும், இடமும் எளிதில் கிடைக்கும். பக்கத்துச் சின்ன ஸ்கெலிக்கில் ஆயிரக்கணக்கான கேனட் கடற்பறவைகளை மிக நெருக்கத்தில் பார்க்கலாம். பஃபின் பறவைக்காக வருகிறவர்கள் ஆகஸ்டு தொடக்கத்துக்குள் வர வேண்டும், அதன்பின் அவை கடலுக்குப் போய்விடும்.

காசில்லாமல் பார்ப்பவை

டப்ளினில் ஒரே ஓர் அருங்காட்சியகத்துக்குத்தான் நேரம் என்றால் கில்டேர் தெருவில் இருக்கும் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம்தான். இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. தாரா ப்ரூச் என்ற ஆடை ஊசி, ஆர்டா கிண்ணம், 1980இல் கிடைத்த டெரினஃப்லான் புதையல் எல்லாம் ஒரே கட்டடத்தில். அதைவிட மனதைப் பிடிப்பவை சதுப்பு நிலத்தில் கெடாமல் கிடைத்த இரும்புக் கால மனித உடல்கள். 2003இல் கண்டெடுத்த இரண்டில் ஒன்றின் தலைமுடியில் பைன் பிசின் பூச்சு இருந்தது. மற்றதன் கைவிரல் நகம்கூடத் தெளிவாகத் தெரிகிறது. பலியிடப்பட்டவர்கள் என்று கருதப்படுவதால் சிறு குழந்தைகளை அழைத்துப் போகுமுன் யோசியுங்கள். உடல்கள் தனித் தடுப்புகளுக்குள் இருப்பதால் தவிர்த்துவிட்டும் நடக்கலாம். ஞாயிறும் திங்களும் பிற்பகல் ஒரு மணிக்குத்தான் திறக்கும்.

மெரியன் தெருவின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைப் பல பழைய பட்டியல்கள் இன்னும் பரிந்துரைக்கின்றன. சீரமைப்புக்காக 2024 செப்டம்பரில் மூடிவிட்டார்கள்.

புக் ஆஃப் கெல்ஸ் காண ட்ரினிட்டி கல்லூரியில் 20 யூரோவுக்கு மேல் ஆகும். சுமார் கி.பி. 800இல் எழுதிய சுவடியின் விரித்து வைத்த பக்கங்களை மட்டும் கண்ணாடிக்குள் பார்க்கலாம், படமெடுக்க முடியாது. அஞ்சலட்டைகளில் வரும் கல்லூரிப் பழைய நூலகத்தின் நீளக்கூட அலமாரிகள், பாதுகாப்புப் பணிக்காக நூல்களை எடுத்துவிட்டதால், பெரும்பாலும் காலி. நிறைந்த அலமாரிகளை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இந்தக் காசு வலிக்கும். டப்ளின் கோட்டை வளாகத்தின் செஸ்டர் பீட்டி அருங்காட்சியகம் இலவசம். பவுலின் கடிதங்களைத் தாங்கிய மிகப் பழைய பப்பிரஸ் ஏடுகள், குர்ஆன் சுவடிகள், முகலாயச் சிற்றோவியங்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. சுவடியில் உண்மையான ஈடுபாடு உள்ளவர் இரண்டையும் பார்க்கட்டும். ஒன்றுதான் என்றால் எங்கள் வாக்கு செஸ்டர் பீட்டிக்கு. குளிர்மாதத் திங்கள்கிழமைகளில் மட்டும் அது விடுமுறை.

பூங்காக்களில் எது

எல்லாத் தேசியப் பூங்காவுக்கும் நுழைவு இலவசம். செலவு போக்குவரத்தில்தான். டப்ளினிலிருந்து கார் இல்லாமல் ஒரே நாளில் போய்வரக்கூடியது விக்லோ மலைப் பூங்காவின் க்ளென்டலாக். சுமார் 50 கி.மீ., நகர மையத்திலிருந்து தனியார் பேருந்து போகிறது. ஆறாம் நூற்றாண்டுத் துறவி கெவினின் மடத்து இடிபாடுகளும் 30 மீட்டர் வட்டக் கோபுரமும் திறந்த வெளியில், சீட்டு இல்லாமல். மேல் ஏரிக்கு மேலே ஸ்பிங்க் முகட்டில் போகும், வெள்ளைக் குறியிட்ட நடைத்தடம் சுமார் 9 கி.மீ.; அறுநூற்றுக்கும் மேற்பட்ட மரப்படி ஏறி மூன்றரை மணி நேரம் ஆகும். முதலில் படியில் ஏறி, பள்ளத்தாக்கு வழியாக இறங்குங்கள். ஈரமான மரப்படியில் இறங்குவது முழங்காலுக்கும் ஆபத்து, வழுக்கவும் செய்யும். வார இறுதியில் கார் நிறுத்துமிடம் காலை பத்துக்குள் நிறைந்துவிடும். பேருந்தில் போகிறவர்கள் திரும்பும் வண்டியின் நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், நாளுக்கு ஓரிரு முறைதான் உண்டு.

கில்லார்னி 1932இல் உருவான, நாட்டின் முதல் தேசியப் பூங்கா. டப்ளினிலிருந்து ரயிலில் மூன்றேகால் மணி நேரம் போல, பெரும்பாலும் மாலோவில் மாற வேண்டும். பூங்கா ஊரின் விளிம்பிலேயே தொடங்குவதால் கார் இல்லாதவர்க்கு இதைவிட வசதியான இடமில்லை. சைக்கிளை வாடகைக்கு எடுத்தால் ராஸ் கோட்டை, மக்ராஸ் ஏரி, டார்க் அருவி மூன்றும் ஒரு பகலில் முடியும். அயர்லாந்தின் பூர்விகச் செம்மான் கூட்டம் இங்கே இருக்கிறது. அக்டோபரில் இணைசேரும் பருவம், ஆண்மான்கள் மூர்க்கமாக இருக்கும். 50 மீட்டருக்குள் நெருங்க வேண்டாம். உண்ணிக் கடி இந்தக் காடுகளில் லைம் நோயைக் கொண்டுவரலாம். முழுக்கால்சட்டை போட்டு, மாலையில் முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் பார்த்துவிடுங்கள்.

கனமாராவில் டயமண்ட் குன்று 442 மீட்டர்தான், ஆனால் உச்சியில் காட்சி திறந்துகொள்ளும் விதத்துக்கு இரு மடங்கு உயரம் ஏறியிருந்தாலும் தகும். மேல் வட்டத்தடம் சுமார் 7 கி.மீ., பாதை நன்றாகப் போட்டது. பரெனில் தடம் வேறு வகை. வெறும் சுண்ணாம்புக்கல் தளம், இடையிடையே ஆழமான பிளவுகள், மழையில் கணுக்கால் மடங்கிவிடும். மே மாதத்தில் அங்கே நீல ஜென்ஷியன் பூக்கும். பரெனுக்கு அந்த மாதம்தான். இரண்டு இடத்திலும் கட்டுச்சோறும் தண்ணீரும் கையோடு எடுத்துப் போங்கள். காற்றில்லாத கோடை மாலையில் மிட்ஜ் என்ற பொடிக்கொசு மொய்க்கும். காற்று அடித்தால் அது எழாது. ஓய்வெடுக்கக் காற்றோட்டமான மேட்டைத் தேடுங்கள்.

மோஹர் பாறைகள் 214 மீட்டர் உயரம், சுமார் 8 கி.மீ. நீளம். கிளேர் மாவட்டக் கவுன்சிலின் மையம் வழியாகப் போனால் நிறுத்துமிடத்தையும் சேர்த்துத் தலைக்குக் கட்டணம். காலை பதினொன்றுக்கு முன்போ மாலை நான்குக்குப் பின்போ இணையத்தில் எடுத்தால் குறையும். டப்ளினிலிருந்து ஒரே நாளில் பேருந்துச் சுற்றுலாவாகப் போனால் ஒவ்வொரு வழிக்கும் மூன்று மணிக்கு மேல் உட்கார்ந்து, நெரிசலான நடுப்பகலில் ஒன்றரை மணி நேரம் நிற்பதுதான் கிடைக்கும். மூடுபனி இறங்கினால் அதுவும் இல்லை. டூலினிலோ கால்வேயிலோ ஓர் இரவு தங்க முடியாதவர்கள் அந்த நாளை க்ளென்டலாக்குக்குக் கொடுப்பதே சரி. கரையோர நடைத்தடத்தின் சில பகுதிகளை விபத்துகளுக்குப் பின் மூடியிருக்கிறார்கள். தடுப்பைத் தாண்டிய பழைய ஒற்றையடிப் பாதைகளில் போகாதீர்கள், விளிம்பு அடியில் அரித்து வெறும் புல் மட்டும் நிற்கும் இடங்கள் உண்டு.

கார் எடுக்கிறவர்களுக்கு: வண்டி நம் ஊர் போலவே இடப்பக்கம். 2025 பிப்ரவரியிலிருந்து கிராமப்புறச் சிறுசாலைகளின் பொது வேக வரம்பு மணிக்கு 80லிருந்து 60 கி.மீ. ஆகக் குறைந்துவிட்டது. வரைபடம் சொல்லும் நேரத்தோடு மேற்குக் கரையில் நாலில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வடக்கே ஜயன்ட்ஸ் காஸ்வே வேறு கணக்கு. அது வட அயர்லாந்தில், நேஷனல் ட்ரஸ்ட் என்ற அறக்கட்டளையின் பராமரிப்பில் இருக்கிறது. கட்டணம் பவுண்டில், ஹெரிட்டேஜ் கார்டு செல்லாது. அறுகோணக் கல்தூண்களுக்கு நடந்து போகக் காசு வேண்டாம், கட்டணம் மையத்துக்கும் நிறுத்துமிடத்துக்கும்தான். எல்லையில் சோதனைச் சாவடி எதுவும் இல்லை, சாலையில் வேகப் பலகை மைலுக்கு மாறுவதை வைத்துத்தான் நாடு மாறியது தெரியும். ஆனால் இந்தியக் கடவுச்சீட்டில் அயர்லாந்து விசா மட்டும் வைத்திருப்பவரோ, அயர்லாந்தில் குடியிருப்பு அட்டை பெற்றவரோ அந்த எல்லையைத் தாண்ட அது மட்டும் போதாது. பிரிட்டன் விசா வேண்டும், அல்லது அயர்லாந்து விசாவில் இரு நாட்டுக் கூட்டுத் திட்டத்தின் முத்திரை இருக்க வேண்டும். டப்ளினில் ஒருநாள் சுற்றுலாச் சீட்டு விற்கும்போது இதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. வழியில் பேருந்தை நிறுத்திப் பார்க்கும்போதுதான் கேட்பார்கள்.